இடது பக்கக் கட்டங்கள்

1

நான் பிரான்சு தேசத்துக்கு வந்து, போன மாதத்தோடு பதினோரு வருஷம் ஆயிற்று. அதைச் சொல்லி, இங்கத்திய வாழ்க்கையைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் படிக்கிற மாதிரி எழுதிக் கொடு என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையில் கேட்டார்கள். குளிரைப் பற்றியும் தரைக்கடியில் ஓடுகிற ரயிலைப் பற்றியும் எழுத என்னைவிடப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். நான் நோட்டில் எழுதுகிறேன், என் மகள் ஜெயந்தி அதைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றாதீர்கள்.

நான் எழுதப்போவது ஒரு போன் விளையாட்டைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். ஒலக்கூர் பக்கத்தில் தனியாக இருக்கிற என் தங்கை செந்தாமரைக்கு உடம்புக்கு வந்ததை, உலகத்தில் முதலில் காட்டியது அந்த விளையாட்டுதான். பத்து நாள் அது என் உள்ளங்கையிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

விளையாட்டு இப்படி. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். கீழே மூன்று துண்டுகள் காத்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ ஒட்டிக்கொண்டிருக்கும். சிலது நேராக, சிலது முழங்கை மாதிரி மடங்கி. விரலால் தட்டினால் துண்டு திரும்பும். அதில் ஒன்றை எடுத்து, கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற எழுத்தோடு சேர்த்து ஒரு வார்த்தை வருகிற மாதிரி வைக்க வேண்டும். வார்த்தை வந்தால் மட்டும் போதாது. அடுத்த துண்டு உட்கார இடம் விட்டு வைக்க வேண்டும். கோணல்மாணலாக வைத்தால் நடுவில் ஒற்றைக் கட்டங்கள் வீணாகி, ஆட்டம் அடைத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஆடுவது. நீ ஒன்று, நான் ஒன்று. அவசரமில்லை. ஒருத்தர் வைத்தபின் மற்றவர் ஒரு நாள் கழித்துக்கூட வைக்கலாம்.

வார்த்தை செந்தாமரையுடையது. அவள் எட்டாவது படித்தவள். இடம் என்னுடையது. மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கியவள் நான். எந்த மூட்டையை எப்படித் திருப்பிப் போட்டால் இன்னொன்று உட்காரும் என்று பார்த்தவுடன் சொல்வேன். அதனால் அவளுக்கும் எனக்கும் ஆட்டம் சரிசமமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை நான் மல்லாட்டை என்று வைத்தேன். அப்படி ஒரு வார்த்தை இல்லை என்று போன் சிவப்பாகக் காட்டியது. நாங்கள் விதைத்துப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, திண்டிவனம் கொண்டுபோய்ப் போட்ட பயிருக்குப் பேர் அதற்குத் தெரியவில்லை. நிலக்கடலை என்றால் ஒத்துக்கொள்கிறது. நான் அன்றைக்கு வேறு வார்த்தை வைக்காமல் போனை மூடிவிட்டேன்.

2

இந்த ஊர் பாரீசுக்கு வடக்கே இருக்கிறது. நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. மருமகனின் குடும்பம் புதுச்சேரி. அவர்களுக்குத் தலைமுறையாக இந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் உண்டு. ஜெயந்தி ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். விடியற்காலை போனால் மதியம் மூன்று மணிக்கு வருவாள். அதுவரை வீடு என்னுடையது. ரொட்டி வாங்கப் போவேன். அந்தக் கடைக்காரிக்கு நான் சொல்கிற வணக்கம் இன்னும் சரியாக விளங்கவில்லை. ஆனால் ரொட்டியை எடுத்து வைத்துவிடுவாள். வந்து சோறு வடித்து, ரசம் வைத்து, சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். இங்கே பத்து மணி என்றால் அங்கே பொழுது மதியம் தாண்டியிருக்கும். செந்தாமரை சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிற நேரம். என் போன் ஒரு முறை கொட்டும். அவள் வைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் அப்படிக் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டால் அவள் எழுந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள் என்று எனக்குக் கணக்கு. அதற்குத் தனியாகப் பேச்சுத் தேவையில்லை.

விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தவள் என் பேத்தி லாவண்யா. பதினாறு வயது. நாங்கள் பேசுகிற தமிழ் அவளுக்குப் புரியும். பதில் பாதி பிரெஞ்சில் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏழு வாரம் போனாள். எட்டாவது வாரம் வயிற்றுவலி என்றாள். ஒன்பதாவது வாரமும் வயிற்றுவலி. ஜெயந்தி களைத்துப்போய் விட்டுவிட்டாள். தமிழெழுத்தைக் காட்டினால் லாவண்யா, “எல்லாம் வட்டமா இருக்கு ஆயா, பூச்சி மாரி” என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆசைப்பட்டு அழுதவளுடைய பேத்தி இப்படி. யாரைக் குற்றம் சொல்வது? நானும் இந்த ஊர் எழுத்தில் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லையே.

3

செந்தாமரைக்கும் எனக்கும் இரண்டு வயது வித்தியாசம். வீட்டில் ஆள் போதாமல் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அவளை நிறுத்தவில்லை. இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதைத் தன் தப்பாகவே எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டும்போது பெண்கள் ஆளுக்கு ஒரு வரிசை பிடித்துப் போவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வரப்பைத் தொட்டால்தான் அழகு. யாராவது பின்தங்கினால், பக்கத்து வரிசைக்காரி அவளுடைய வரிசையிலும் நாலு வெட்டு வெட்டிவிட்டுப் போவாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இதற்குக் கை கொடுப்பது என்று பேர். பின்தங்கினவள் வந்து பார்த்தால் அவள் வேலையில் கொஞ்சம் ஏற்கெனவே முடிந்திருக்கும். எல்லோருக்கும் இது நடக்கும். எனக்கு யாரும் கை கொடுத்ததில்லை. கொடுக்க விட்டதில்லை.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ பத்திரிகையை நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார்கள். நானும் செந்தாமரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எட்டாவது படித்தவள் அதை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாமோ தெரியல, எழுத்து பொடிசா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் படிக்கத் தெரியாமல் நிற்பது தெரியக்கூடாது என்று அவளும் தெரியாதவள் ஆனாள். அதற்காக ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. நீங்கள் எனக்குப் பணிந்து போகலாம், என்னை எதிர்த்து நிற்கலாம். எனக்கு இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் மட்டும் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

அதனால்தான் ஆட்டம் தொடங்கிய முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன். “எனக்கு விட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சுது, அன்னியோட ஆட்டம் முடிஞ்சுது.”

4

அது ஒரு செவ்வாய்க்கிழமை. புது ஆட்டம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. போன் வழக்கம்போலக் கொட்டியது. பார்த்தால் அவள் வார்த்தையை வலது ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இடது பக்கம் மூட்டை மூட்டையாக இடம் சும்மா கிடக்கிறது. புதன்கிழமையும் அப்படியே. வியாழன், இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு அதே ஓரத்தில். நான் இடது பக்கத்தில் வைத்த நல்ல வார்த்தையை அவள் தொடவே இல்லை. அதோடு சேர்த்து அவள் வைத்திருந்தால் இரட்டைப் புள்ளி கிடைத்திருக்கும். எட்டாவது படித்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

வெள்ளிக்கிழமை எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்காக அவள் பாதிக் கொல்லையைக் காலி பண்ணி விட்டிருக்கிறாள். கை கொடுக்கிறாள்.

உடனே கூப்பிட்டேன்.

“இன்னாடி, எனக்குப் பிச்சை போடறியா?”

“இன்னாக்கா சொல்ற?”

“அந்தப் பக்கம் அவ்ளோ இடத்த எதுக்கு விட்டு வச்சிருக்க?”

“எங்க விட்டேன்? இடமே இல்லியேக்கா வைக்கறதுக்கு. நானே கஷ்டப்பட்டு இடுக்கிக்கினு வச்சிக்கினு இருக்கேன்.”

“என்ன இன்னா கேணச்சின்னு நெனச்சியா?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படிக் கேட்டது என்று எழுதத் தெரியவில்லை. அவளுக்கு நிஜமாகவே நான் சொன்னது வேடிக்கையாக இருந்திருக்கிறது. எனக்கு அது கல்யாண வீட்டுப் பத்திரிகையாகக் கேட்டது.

“இனிமே உன்னோட ஆடறவ நான் இல்ல,” என்று போனை வைத்துவிட்டேன்.

ஆறு நாள் நான் ஒரு துண்டும் வைக்கவில்லை. அந்த ஆறு நாளில் அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். ஒரு முறை நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறை கை காய்ந்துதான் இருந்தது. போன் அடித்து ஓய்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5

வியாழக்கிழமை மாலை லாவண்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, என் போனை எடுத்தாள். அவள் போனில் சார்ஜ் இல்லை. எதற்கோ அந்த விளையாட்டைத் திறந்தவள் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயா, சின்ன ஆயா ஏன் ஒரு சைடு மட்டும் வெக்குது?”

“அவ பெரிய தர்மப்பிரபு. எனக்கு விட்டுக் குடுக்கறாளாம்.”

“இல்ல ஆயா. பாரு.” அதற்குப் பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, நகத்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். “இங்க எல்லாம் சின்ன ஆயா. இந்தப் பக்கம், ஒண்ணும் இல்ல. ஒண்ணுகூட.” பிறகு கீழே காத்திருக்கிற மூன்று துண்டைக் காட்டினாள். “இது, இது எடுக்குது. இந்த லெஃப்ட்ல இருக்கறது எடுக்கல. எப்பவும் எடுக்கல. நாலு தடவ அங்கேயே இருக்கு.”

முடிந்துபோன பழைய ஆட்டங்களையெல்லாம் திறந்து காட்டினாள். அதிலெல்லாம் கட்டம் முழுக்கப் பரவியிருந்தது. இந்த ஒரு ஆட்டத்தில் மட்டும், திங்கட்கிழமை வரை பரவலாக இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமையிலிருந்து கத்தியால் வெட்டின மாதிரி ஒரு பக்கம் நின்றுவிட்டது.

நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தாமரை என்ன வார்த்தை வைக்கிறாள், என்னை மட்டம் தட்டுகிற வார்த்தையா என்று. லாவண்யாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது நிரம்பின பக்கமும் காலிப் பக்கமும் மட்டும்தான். இடம் என்னுடையது என்று பெருமை பேசியவள் நான்.

விட்டுக்கொடுக்கிறவள் கட்டத்தில் இடம் விடுவாள், சரி. கீழே இருக்கிற துண்டை ஏன் விடுகிறாள்? அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லையே. அங்கே ராத்திரி ஆகிவிட்டது, விடிந்ததும் கூப்பிடலாம் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

6

மறுநாள் காலை வீடியோவில் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு மல்லிகாதான் எடுத்தாள். செந்தாமரைக்கு ஒத்தாசையாக இருக்கிறவள், நாற்பது வயது, வாய் கொஞ்சம் அதிகம்.

“வாங்க பாரீஸ் அம்மா! இப்பத்தான் தங்கச்சி நெனப்பு வந்துதா? அது இங்க பேஜாரு பண்ணிக்கினு இருக்குது. தட்டுல பாதி சோறு அப்பிடியே கெடக்குது, எனக்கு சோறு பத்தல, நீ கம்மியா போட்டுட்டன்னு என்னாண்ட சண்ட. கண்ணு மங்கிப்போச்சு போல. நெலப்படியில இடிச்சிக்கினே நடக்குது. கண் ஆஸ்பத்திரி கேம்ப் வருதாம், கூட்டினு போலாம்னு இருக்கேன்.”

“போன அவ கிட்ட காட்டு.”

செந்தாமரை தெரிந்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும், “கோவம் தீந்துதா?” என்று கேட்டாள். தலை வாரியிருந்தாள். வலது பக்கம் எண்ணெய் வைத்து, படியப் படிய வாரியிருந்தாள். இடது பக்கத்து மயிர் தூங்கி எழுந்த மாதிரி அப்படியே பறந்துகொண்டு நின்றது.

“தல வாரினியாடி?”

“வாரிட்டுத்தான உக்காந்திருக்கேன். உனுக்கு இன்னாக்கா ஆச்சு?”

லாவண்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி, இங்கே எங்களுக்குப் பார்க்கிற டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இந்த ஊர் மொழியில் எனக்கு இடதும் வலதும் தெரியும், பஸ் ஏறக் கற்றுக்கொண்டது. என் தங்கை, இடது இல்லை என்று நானே சொல்லிப் பார்த்தேன். டாக்டர் தன் இடது தோளில் கையை வைத்து வெட்டுகிற மாதிரி காட்டி, விபத்தா என்று கேட்டார். பிறகு லாவண்யா போனைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டிப் பேசினாள். அவர் முகம் மாறியது. இரண்டே வார்த்தை சொன்னார். லாவண்யா திருப்பிச் சொன்னாள். “ஆஸ்பிட்டல், இன்னிக்கே.”

7

செந்தாமரையின் மகன் குமார் விழுப்புரத்தில் இருக்கிறான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான்.

“பெரிம்மா, நான் நேத்துதான் அம்மாவோட பேசினேன். நல்லாத்தான் பேசுச்சு. போன்ல கேம் ஒழுங்கா ஆடலன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகச் சொல்றியா?”

“தல பாதி வாரியிருக்காடா.”

“வயசானவங்க அப்பிடித்தான் பெரிம்மா. நீ அங்க குந்திக்கினு கண்டதையும் நெனச்சிக்கினு இருக்க. பரிச்ச நேரம், வேன் லீவு போட முடியாது. ஞாயித்துக்கெழம போறேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஊரில் இருந்திருந்தால் ஒரு ஆட்டோ பிடித்து நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம்! இங்கிருந்து நான் செய்யக்கூடியது கூப்பிடுவது மட்டும். கூப்பிட்டேன், கூப்பிட்டேன். மல்லிகா முயன்று பார்த்தாள். செந்தாமரை, எனக்கு ஒன்றும் இல்லை, நான் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. இல்லாத பக்கத்தை இல்லை என்று எப்படி ஒருத்திக்குத் தெரியும்?

அப்படியென்றால் நான் கிளம்பிப் போகிறேன் என்று ஜெயந்தியிடம் போனில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் எனக்கே ஞாபகம் வந்தது. என் பாஸ்போர்ட் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஊர் விலாசமாக செந்தாமரை வீட்டைக் கொடுத்திருந்தோம். அங்கே விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார். மல்லிகா முந்திக்கொண்டு, “அவங்க இங்க இல்லீங்க சார், பாரீஸ்ல நல்லா இருக்காங்க” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர், இந்த விலாசத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வெளிநாட்டில் இருப்பதால் வெளிநாட்டில் பாஸ்போர்ட் கேட்கிறேன். ஊரில் இல்லாததால் அது கிடைக்கவில்லை. இதைப் பற்றி முன்பெல்லாம் நானும் மல்லிகாவும் போனில் சிரித்திருக்கிறோம். “அடுத்த தடவ வந்தா நீங்க உள்ள தூங்கிக்கினு இருக்கறீங்கன்னு சொல்லிட்றேன்” என்பாள்.

ஜெயந்தி பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு அன்றைக்கே என்னை இந்தியத் தூதரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நம் பக்கத்துப் பெண்தான், தமிழ் தெரிந்தவள். அவசரமாகப் போக ஒரு காகிதம் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“யாருக்கு உடம்பு சரியில்லை?”

“என் தங்கச்சிக்கும்மா.”

“அம்மா, அப்பா, புருஷன், பிள்ளை. இவங்களுக்குத்தான் அவசரம்னு எடுத்துப்போம். தங்கைன்னா, ஆஸ்பத்திரியில சேர்த்த சீட்டு இருக்கா?”

“இன்னும் சேக்கவே இல்லம்மா. சேக்கறதுக்குத்தான் நான் போகணும்.”

அந்தப் பெண் நல்லவள். வருத்தப்பட்டுத்தான் தலையாட்டினாள். அடுத்த நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன், அதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கெஞ்சத் தெரியவில்லையோ என்றுகூட நினைத்தேன். பழக்கம் வேண்டும் அல்லவா.

8

ஞாயிற்றுக்கிழமை குமார் போனான். அம்மா தட்டில் பாதி சோற்றை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டதை அவன் கண்ணாலேயே பார்த்தான். திண்டிவனத்தில் காட்டி, அங்கிருந்து விழுப்புரத்துக்கு அனுப்பி, படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் வலது பக்கத்தில் ஒரு இடத்தில் ரத்தம் அடைத்திருந்தது. அதனால் கண் நன்றாக இருந்தும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. கை கால் பெரிதாக விழாததால் யாருக்கும் தெரியவில்லை.

எப்போது ஆயிற்று என்று டாக்டர் கேட்டிருக்கிறார். குமாருக்குத் தெரியவில்லை. மல்லிகாவுக்குத் தெரியவில்லை. குமார் என்னைக் கூப்பிட்டான். லாவண்யா விளையாட்டைத் திறந்து பார்த்துச் சொன்னாள். முந்தின திங்கட்கிழமைக்கு முந்தின திங்கள், மதியம் அவள் வைத்தது சரியாக இருக்கிறது. செவ்வாய் மதியம் வைத்தது சரியில்லை. நடுவில் ஒரு நாள்.

“டாக்டர் இன்னாடா சொன்னாரு?”

“அன்னிக்கே கொண்டாந்திருந்தா மருந்து போட்டிருக்கலாம்னாரு பெரிம்மா. ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தாகூட இவ்ளோ ஆயிருக்காதுன்னாரு.” பிறகு அவனே சொன்னான். “நீ வெள்ளிக்கெழமயே சொன்ன. நான்தான் கேக்கல.”

அவன் அழுதான். நான் வெள்ளிக்கிழமை சொன்னதை அவன் சொல்கிறான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது. இடமே இல்லியேக்கா என்று அவள் தன் வாயால் என்னிடம் சொன்னாள். அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? குமாரிடம் இதைச் சொல்ல நினைத்தேன். அம்மாவைக் கவனிக்கிற பிள்ளை, அவன் தலையில் இதையும் ஏன் என்று விட்டேன். இப்போது எழுதிவிட்டேன். படிக்கட்டும்.

9

செந்தாமரை இப்போது விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாத்திரை போகிறது. பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். அந்தப் பெண் சொல்லியிருப்பது இதுதான். எதையும் வலது பக்கத்தில் கொடுக்காதீர்கள், அது சுலபம், சுலபமாகக் கொடுத்தால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். தண்ணீரை இடது பக்கம் வையுங்கள், டிவியை இடது பக்கம் மாற்றுங்கள், இடது பக்கம் நின்று பேசுங்கள். தேடட்டும். கோபப்பட்டாலும் தேடட்டும்.

பத்து நாள் கழித்து அவளுடைய போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் அவளும் புது ஆட்டம் தொடங்கினோம். முதல் நாள் நான் அவளுக்குத் தெரிகிற பக்கத்தில் வைத்தேன். உடனே வைத்தாள். மறுநாளும் வைத்தாள். எனக்கு ரொம்ப சந்தோஷம், பொய் சொல்வானேன். குமார் கூப்பிட்டு, “பெரிம்மா, நீயும் இடது பக்கமே வை. அதுதான் அம்மாவுக்கு நல்லது” என்றான்.

சரி என்று வைத்தேன். இடது ஓரத்தில், முதல் வரிசையில், மேலிருந்து கீழாக. சின்ன வார்த்தை, அவளுக்குப் பழக்கமானதுதான்.

மூன்று நாள் என் போன் கொட்டவில்லை.

நேற்றுக் காலை அவளே கூப்பிட்டாள். பேச்சு நன்றாக இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

“ஏங்க்கா ஆட மாட்டன்ற?”

“நான் வச்சிட்டன்டி. மூணு நாளாச்சு.”

“இல்லக்கா. நான் பாத்துக்கினேதான் இருக்கேன். நீ வைக்கவே இல்ல.”

“இடது பக்கம் பாரு. ஓரமா.”

“பாத்துட்டன்க்கா. எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்.”

“கழுத்தத் திருப்பி நல்லாப் பாருடி.”

“திருப்பித்தான் இருக்கேன்.”  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “மறுபடியும் எம்மேல கோவமாக்கா? நான் இன்னா பண்ணேன்?”

“கோவம் இல்லடி. சத்தியமா இல்ல.”

“அப்ப வை. நான் காத்துக்கினு இருக்கேன்.”

அவள் போனை வைத்த பிறகு, அந்த வார்த்தையைத் தூக்கி வலது பக்கம் போட்டுவிடலாம் என்று போனைத் திறந்தேன். பயிற்சிக்காரப் பெண் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். விரலால் இழுத்தேன், தட்டினேன். அசையவில்லை. லாவண்யாவிடம் காட்டினேன். வைத்ததை எடுக்க இந்த ஆட்டத்தில் வழி கிடையாது ஆயா என்றாள். இன்னொரு துண்டையாவது வைக்கிறேன் என்றேன். அதுவும் முடியாது, இது உன் முறை இல்லை என்றாள்.

யாருடைய முறை என்று அந்த விளையாட்டு எழுதிக் காட்டும். அதை இடது மூலையில்தான் காட்டும். அங்கே செந்தாமரை என்று எழுதியிருக்கிறது.

இன்றைக்கும் ரொட்டி வாங்கி வந்து, சோறு வடித்துவிட்டு, சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பதினொன்று தாண்டிவிட்டது. விழுப்புரத்தில் அவள் கையில் போனை வைத்துக்கொண்டு, அக்கா எப்போது வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.